கினபாலு பூங்காவுக்கு கேம்பர் வேன் எடுப்பவர்கள் கவனத்துக்கு

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து சபா கிளம்பும் குடும்பங்கள் தயவுசெய்து படியுங்கள். கோத்தா கினபாலுவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த கேம்பர் வேனில் (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள வேன்), இரண்டு இரவு தாங்கும் என்று சொல்லப்பட்ட பேட்டரி முதல் இரவே படுத்துவிட்டது. இறக்கத்தில் பிரேக் பெடல் அடிவரை அமுங்கியது. "நீங்க ஓட்டுன விதம் சரியில்ல" என்று சொல்லி 1,000 ரிங்கிட் டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டார்கள்.

இருக்கைக்குக் கீழே வைத்திருந்தது காரில் போடும் ஸ்டார்ட்டர் பேட்டரி. எஞ்சினைக் கிளப்ப ஒரே வீச்சில் நிறைய மின்சாரம் தருவதுதான் அதன் வேலை. மணிக்கணக்காக உறிஞ்சினால் சீக்கிரம் கெட்டுவிடும். வேனுக்குத் தேவை கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நேரம் மின்சாரம் தரும் டீப் சைக்கிள் பேட்டரி. அதிலும் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி என்றால் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம். சின்ன பிரிட்ஜ் சராசரி 2 ஆம்பியர் இழுத்தாலே பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி போய்விடும். மீட்டர் 12.6 வோல்ட் காட்டுகிறது என்று ஏமாறாதீர்கள், தேய்ந்துபோன பேட்டரியும் சும்மா இருக்கும்போது அப்படிக் காட்டும். பிரிட்ஜ், விசிறி, விளக்கு எல்லாவற்றையும் 15 நிமிடம் ஓடவிடுங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த வேன் வேண்டாம்.

பிரேக்தான் உயிர் விஷயம். பூங்காவின் தலைமையகம் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து கடலோரம் வரை சுமார் 90 கிலோமீட்டரில் இறங்கியாக வேண்டும். டாட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் சூடேறும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி சேரும், பெடல் அமுங்கும். ஆறியதும் பெடல் பழையபடி வேலை செய்யும். அதனால்தான் கடை வாசலில் ஓட்டிக் காட்டி "ஒண்ணுமே இல்லையே" என்று அவர்களால் சாதிக்க முடிகிறது. எண்ணெய் கோப்பி நிறத்தில் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். இறக்கம் முழுக்கத் தாழ்ந்த கியரில் வாருங்கள்.

வாடகை அனுமதி இல்லாத தனியார் வேன் என்றால் விபத்தில் காப்புறுதி கைவிடலாம். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால், அந்தக் கணக்கு எண்ணை முதலில், மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் (Semak Mule) தளத்தில் தட்டிப் பாருங்கள். சாவி வாங்கும்போது வோல்ட் மீட்டர், பிரேக் எண்ணெய், டயர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அங்கேயே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

டெபாசிட் திரும்பாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம். கட்டணம் 5 ரிங்கிட், கோரும் தொகை 50,000 ரிங்கிட் வரை, மூன்று ஆண்டுக்குள்.