ஆயிரம் ரூபாய்த் தண்டமும் நாலு பயணமும்

கொத்துரொட்டிக் கடைக்கும் சலூனுக்கும் நட்சத்திரம் போடுகிறோம். வீதியில் பொலிஸ் எழுதித் தருகிற தண்டப்பணத்தைக் கட்டுகிற சேவைக்கு மட்டும் ஏன் போடக்கூடாது? நானும் காசு கொடுத்த ஆள்தானே.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஓடுவது ஸ்கூட்டிப் பெப். 2025இல் நல்லூர்த் திருவிழா நேரம், கல்யாண வீடு ஒன்றுக்குக் கொடுக்கவேண்டிய நாலு பிளவுஸோடு இருபது கிலோமீற்றர் தள்ளியுள்ள ஒரு ஊருக்குப் போனேன். அன்றைக்குத் தலைக்குக் குளித்துக் கொண்டை போட்டிருந்தேன். ஹெல்மெட் கொண்டைக்கு மேலே ஏறி நின்றதே தவிர, நாடிக்குக் கீழே பட்டி எட்டவில்லை. பூட்டாமல் போனேன். சந்தியில் மறித்தார்கள். பிழை என்னுடையது, அதில் வாதமில்லை.

மறித்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். லைசனை வாங்கிக்கொண்டு தண்டப்பத்திரத்தை எழுதித் தந்தார். ஹெல்மெட் குற்றத்துக்கு 1,000 ரூபாய். 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டவேண்டும், அதுவரைக்கும் இந்தத் தாள்தான் லைசன். 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் வழக்கு. இந்த மூன்று வரியையும் விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

சிக்கல் தாளை வாசிக்கப் போனபோதுதான் வந்தது. கையால் எழுதியது எல்லாம் சிங்களம். என்ன குற்றம், எந்த இடம், எந்த நீதிமன்றம், ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. என் பெயரைக்கூட இலக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வழியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கார ஐயா முன்பு அநுராதபுரத்தில் கடை வைத்திருந்தவராம். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு வாசித்துச் சொன்னார். "பிள்ளை, இது ஹெல்மெட் கேஸ்தான், பயப்பிடாதை. நீதிமன்றத் திகதி இதிலை கிடக்கு, அதுக்கு முன்னம் கட்டிப்போடு." தேத்தண்ணிக்கும் காசு வாங்கவில்லை. இந்த முழு அலைச்சலிலும் ஐந்துக்கு ஐந்து வாங்கியவர் அவர் ஒருவர்தான், அவரோ இந்தச் சேவையில் ஒரு ஊழியரும் இல்லை.

அடுத்த நாள் வீட்டுக்குப் பக்கத்து உப தபாற்கந்தோருக்குப் போனேன். "பெரிய கந்தோருக்குப் போங்கோ அக்கா" என்றார்கள். காரணம் சொல்லவில்லை. பெரிய கந்தோரில் முத்திரைக்கும் பணவிடைக்கும் நின்ற வரிசையில் நானும் நின்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளை தாளைப் பார்த்ததும் கையில் எடுத்து, இலக்கத்தைப் பதிந்து, சீல் குத்தி, பற்றுச்சீட்டைத் தந்தாள். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. "இந்தத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டித்தான் லைசன் எடுக்கோணும், துலைச்சுப்போடாதேங்கோ" என்று சொல்லியும் அனுப்பினாள். கேட்காமலே சொன்ன அந்த ஒரு வசனத்துக்காகத் தபாற்கந்தோருக்கு நாலு. உப தபாற்கந்தோர் அலைச்சலுக்கு அரை கழித்து மூன்றரை.

இனிப் பொலிஸ் நிலையம். பெயர் வேண்டாம். காசு கட்டி முடித்தவளுக்கு அலைச்சலும் முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் போனேன். முதல் முறை போனபோது போக்குவரத்துப் பிரிவு மேசையில் ஆளில்லை. நல்லூர்க் கொடியேறினால் யாழ்ப்பாணத்தில் எந்த வேலையும் அரைவேகம்தான் என்பது தெரிந்ததே, ஆனால் என் லைசனும் விரதம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அலுமாரித் திறப்பு வைத்திருக்கிறவர் கோயில் கடமைக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை போனபோது திறப்பு இருந்தது, லைசன் இல்லை. றப்பர் பட்டி போட்டுக் கட்டிய லைசன் கட்டுகள், திகதிப்படி அடுக்கியிருக்கவேண்டியவை, அப்படி இருக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் தேடிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார்கள். மூன்றாம் முறை போனபோது என் முகம் மேல் கட்டிலேயே சிரித்துக்கொண்டு கிடந்தது.

ஒவ்வொரு முறையும் போய்வர நாற்பது கிலோமீற்றர். கடையை அரை நாள் பூட்டவேண்டும். ஒரு சாரி பிளவுஸ் வெட்டித் தைக்கிற நேரம் அப்படியே போய்விடும். தண்டம் ஆயிரம்தான், அது எனக்கு நோகவில்லை. தபாற்கந்தோர் ஒரு திக்கு, லைசன் கிடக்கிற இடம் இன்னொரு திக்கு என்று இந்த ஒழுங்கை அமைத்தவருக்கு இருபது கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு தையற்காரி இருப்பாள் என்ற நினைப்பு வரவில்லை. பொலிஸ் நிலையத்துக்கு ஒன்றரை. அந்த அரையும் கதிரை தந்ததற்கு.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒரு வித்தை இருக்கிறது. காசு கட்டுகிறதை வீட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளவேண்டாம். எப்படியும் மறித்த இடத்துப் பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பப் போகத்தானே வேண்டும்? அந்த ஊர்த் தபாற்கந்தோரிலேயே காலையில் கட்டிவிட்டு, அதே சூட்டோடு லைசனுக்கும் போங்கள். புறப்பட முதல் பொலிஸ் நிலையத்துக்கு ஒரு கோல் எடுத்து, போக்குவரத்துப் பிரிவில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டில் ஒரு போட்டோக் கொப்பியும் கையில் இருக்கட்டும், மூலத்தை அவர்கள் வாங்கி வைத்துவிடுவார்கள்.

அப்புறம் என் தம்பியின் கதை. அவனுடைய தாள் கதவுக்குப் பின்னால் தொங்கிய காற்சட்டைப் பொக்கற்றுக்குள் 28 நாளும் நிம்மதியாக உறங்கியது. "பிறகு பாப்பம் அக்கா" என்பதுதான் அவன் வேதம். பிறகு பார்த்தது நீதிமன்றத்தில். முதல் குழப்பமே எந்த நீதிமன்றம் என்பது. வீடு எங்கே இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மறித்த இடம்தான் கணக்கு. தென்மராட்சியில் பிடிபட்டால் சாவகச்சேரி, வடமராட்சி என்றால் பருத்தித்துறை, வலிகாமம் வடக்குப் பக்கம் மல்லாகம், தீவுப்பகுதிக்கு ஊர்காவற்றுறை. இவன் வீட்டுக்குக் கிட்டிய நீதிமன்றத்துக்குப் போய் ஒரு காலைப்பொழுதை வீணாக்கிவிட்டு வந்தான்.

சரியான இடத்துக்குப் போனபிறகு வேலை அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. தாளின் இலக்கம், திகதி, பொலிஸ் நிலையத்தின் பெயர், அடையாள அட்டை, இந்த நாலும் கையில் இருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைத் தேடித் தருவார்கள். டொரொன்டோவில் இருக்கிற எங்கள் மச்சாள் இதைக் கேட்டுச் சிரித்தாள். அங்கே தாளின் இலக்கத்தை நகரசபையின் இணையத்தளத்தில் அடித்தால் வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். இங்கே உயர் நீதிமன்றத் தீர்ப்பை இணையத்தில் வாசிக்கலாம், தம்பியின் மோட்டச்சைக்கிள் வழக்கைத் தேட வாசலில்தான் நிற்கவேண்டும். ஆனால் அந்த அலுவலகத்தில் இருந்தவர் பதிவேட்டை விரலால் தடவித் தடவித் தேடி, இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தார். தமிழில். அந்தத் துண்டைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

சட்டத்தரணி பிடிக்கவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தம்பி பிடிக்கவில்லை. பெயர் கூப்பிட்டார்கள், கூண்டில் ஏறினான், குற்றத்தை ஒப்புக்கொண்டான், நீதவான் தொகையைச் சொன்னார், இறங்கினான். ஒரு நிமிடம்கூட இல்லை, ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக ஒன்பது மணியிலிருந்து வாங்கில் இருந்தான். பிறகு சிறாப்பரிடம், அதாவது நீதிமன்றக் காசாளரிடம், காசு கட்டவேண்டும். கட்டும்வரைக்கும் வெளியே விடமாட்டார்கள், ஆகவே கையில் காசோடு போங்கள், பின்னால் கொண்டுவர ஆளையும் வைத்திருங்கள். தம்பிக்குப் பின்னால் நின்றது நான். திகதிக்குப் போகாமல் விட்டால் பிடியாணை, அது வேறு உலகம். நீதிமன்றத்துக்கு மூன்று.

ஒரு விஷயம். நான் சொல்வதெல்லாம் ஹெல்மெட், வெள்ளைக்கோடு மாதிரிச் சின்னக் குற்றங்களுக்கு. லைசன் இல்லாமலோ காப்புறுதி இல்லாமலோ ஓடினால் தபாற்கந்தோர்ப் பேச்சே இல்லை, நேரே நீதிமன்றம். தண்டம் குறைந்தது 25,000 ரூபாய். அப்போது சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

போனில் கட்டுகிற முறை ஒன்றும் வந்திருக்கிறது. கவ்பே என்று பெயர். 2025 ஏப்ரலில் குருநாகல் – அநுராதபுரம் வீதியில்தான் முதலில் தண்டப்பணத்துக்கு அதைப் பரீட்சித்தார்கள். மறித்த இடத்திலேயே போனில் கட்டிவிட்டு லைசனைக் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம். அந்தப் பக்கம் லொறி ஓடுகிற எங்கள் சித்தப்பாவின் மகன் அப்படிக் கட்டினேன் என்று சொன்னபோது பொறாமையாக இருந்தது. என்னை மறித்த அன்று அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். இங்கே இன்னும் இல்லை என்றார். இருந்திருந்தால் அந்தச் சந்தியிலேயே ஐந்து நிமிடத்தில் கதை முடிந்திருக்கும், பொலிஸ் நிலையத்துக்கு ஒன்றரை போடவேண்டிய தேவையும் வந்திராது.

இப்போது கொண்டையைக் கழுத்தடிக்கு இறக்கிப் போடுகிறேன். பட்டி எட்டுகிறது. கல்யாண வீட்டில் பிளவுஸ் காசு இன்னும் முழுதாகத் தரவில்லை, அது வேறு மதிப்பீடு.