கோமூட் வரைந்து தரும் காட்டுப்பாதையை எவ்வளவு நம்பலாம்?

மலைக்காட்டுக்குள் கிராவல் பைக் (சரளை, மண் பாதைகளுக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டுபவர்களில் பலர் வழி போட முதலில் திறப்பது கோமூட் செயலியைத்தான். 2010இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. 2025இல் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் கைக்குப் போய்விட்டது. முதல் வரைவு போட இதைவிடச் சுலபமான கருவிகள் குறைவு. ஆனால் அது போட்ட கோட்டைச் சரிபார்க்காமல் கிளம்பினால், எங்கேயாவது ஓரிடத்தில் பைக்கைத் தோளில் தூக்கவேண்டி வரும்.

காரணம் எளிது. கோமூட்டின் வரைபடம், யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து வருகிறது. அங்கே ஒவ்வொரு பாதைக்கும் தன்னார்வலர்கள் குறிச்சொல் போடுகிறார்கள்: தரை என்ன, வண்டித்தடமா ஒற்றையடிப் பாதையா, சைக்கிளுக்கு அனுமதி உண்டா. வண்டித்தடங்களுக்கு 'டிராக்டைப்' என்று 1 முதல் 5 வரை ஒரு தரவரிசையும் உண்டு. 1 என்றால் தார் அல்லது நன்றாக இறுகிய தரை. 2 என்றால் பெரும்பாலும் கெட்டியான சரளை. 3இல் கெட்டியும் மண்ணும் கலந்திருக்கும். 4, 5 மண்ணும் புல்லும்தான். 40 மிமீ அகல டயர் 1, 2க்குப் போதும். 3 வந்தால் 45 மிமீ இருப்பது நல்லது. 4, 5 காய்ந்த நாளில் ஓடும். களிமண்ணாக இருந்து மழையும் பெய்துவிட்டால் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாது. இருபுறமும் 6 மிமீ இடைவெளியாவது இல்லாத பைக்கில் அந்தப் பக்கமே போகவேண்டாம். குறிச்சொல் வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றேதான் என்பதால் செயலி இதைச் சொல்லாது.

வழி போட்டதும் பாதை வகை, தரை வகை என்று இரண்டு வண்ணப் பட்டைகள் வருகின்றன. கோமூட்டில் ஆக உருப்படியான அம்சம் இதுதான். எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை சரளை, எத்தனை இயற்கைத் தரை என்று பிரித்துக் காட்டும். அதில் முதலில் தேடவேண்டியது 'தெரியவில்லை' என்ற துண்டை. யாரும் குறிச்சொல் போடாத பாதை அது. அருமையான வனச்சாலையாகவும் இருக்கலாம், நாலு வருடமாக யாரும் போகாத முட்புதராகவும் இருக்கலாம். செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே இரண்டு இணைகோடுகளாகச் சக்கரத்தடம் தெரிந்தால் வண்டி போகும் பாதை. கிளைகள் மூடி ஒன்றுமே தெரியவில்லை என்றால், பிற பயனர்கள் ஏற்றிய பாதைப் படங்கள் அந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இரண்டுமில்லாத துண்டு 500 மீட்டருக்கு மேல் நீண்டால் மாற்றுவழி போடுவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு உத்தி: புறப்பாடும் நடுவில் மூன்று நான்கு புள்ளிகளும் மட்டும் வைத்துவிட்டு, விளையாட்டு வகையை மாற்றி மாற்றிப் பாருங்கள். கிராவல், சைக்கிள் பயணம், மலை பைக் மூன்றிலும் கோடு ஒரே இடத்தில் போனால் அந்தத் துண்டைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். கிராவல் கோடு மலை பைக் கோட்டோடு சேர்ந்து, சைக்கிள் பயணக் கோடு மட்டும் விலகினால் அங்கே வேர்களோ படிக்கட்டோ இருக்க வாய்ப்பு அதிகம். பெரிதாக்கிப் பார்க்கவேண்டிய இடம் அதுதான். புள்ளிகளை அதிகமாகக் குத்தாதீர்கள்; பாதையிலிருந்து சற்று விலகிய ஒரு புள்ளிகூட, போய்த் திரும்பி வரும் சின்ன வாலை வழியில் ஒட்டவைத்துவிடும்.

ஏற்றக் கணக்கில்தான் பெரிய சிக்கல். கோமூட் மட்டுமல்ல, வழி போடும் செயலிகள் பலவற்றுக்கும் இது பொது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ராடார் வைத்து அளந்த உயரத் தரவு உலகெங்கும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் நிலம் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்தான் இருக்கும். அடர்காட்டில் ராடார் அலை தரையைத் தொடாமல் மரக்கிளைகளிலேயே பட்டுத் திரும்பியதால் உயரம் கூடிப் பதிவாகியிருக்கும். செங்குத்தான சரிவை வெட்டிப் போட்ட சாலைக்கு இது இன்னும் மோசம். 45 டிகிரிச் சரிவில் வரைபடக் கோடு 15 மீட்டர் பக்கவாட்டில் தள்ளியிருந்தால் உயரமும் 15 மீட்டர் தவறும். சமதளமாகப் போகும் சாலை ஏறி இறங்குவதுபோல் தெரிந்து, மொத்த ஏற்றம் வீங்கிவிடும். இதைச் சரிசெய்யச் செயலி எண்களை மழுக்கும்போது எதிர்த்தவறு நடக்கிறது: 60 மீட்டர் நீளத்துக்கு 18% ஏறும் ஒரு முட்டு, 200 மீட்டர் சராசரியில் வெறும் 5.4% ஆகிவிடுகிறது. வரைபடம் சாதுவாகத் தெரியும். பின்சக்கரம் சரளையில் சுழன்று நிற்கும்போதுதான் விஷயம் புரியும். சமவுயரக் கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பாதை அவற்றை நேராக வெட்டிப் போகிறதா, வளைந்து வளைந்து போகிறதா என்று கண்ணால் பார்ப்பது எந்த எண்ணையும்விட மேல்.

இதைக் கியரோடு சேர்த்துக் கணக்குப் போடவேண்டும். முன்னால் 40 பல், பின்னால் 42 பல் என்றால் மிதியின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.5 கிமீ. ஆளும் பைக்கும் சேர்ந்து 85 கிலோ என்றால், 10% சரளை ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க 200 வாட் அளவுக்குத் தேவைப்படும். அதைப் பத்து நிமிடம் தாங்கமுடியாதவர்கள் வழியை மாற்றவேண்டும், அல்லது கியரை. பாதையைத் திருப்பிப் போடும் வசதி செயலியிலேயே உண்டு. செங்குத்தான உதிரிக் கல் துண்டு ஏற்றத்தில் வருகிறதா இறக்கத்தில் வருகிறதா என்று இரண்டு திசையிலும் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். 12%க்கு மேல் உதிரிக் கல் என்றால் ஏறுவதும் கஷ்டம், பிரேக் பிடித்து இறங்குவதும் கஷ்டம். அந்த உயரத்தைத் தார்ச்சாலையில் கடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நேர மதிப்பீட்டை உடல்திறன் அளவுகோலை வைத்து மாற்றலாம். ஆனாலும் கரடான இறக்கத்தில் எவ்வளவு மெதுவாகப் போவோம் என்பது அதற்குத் தெரியாது. ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டருக்கு மேல் ஏற்றம் உள்ள வழி என்றால் அது சொல்லும் நேரத்தோடு இன்னும் கொஞ்சம் நேரம் சேர்த்துக்கொண்டே பொழுது சாய்வதைக் கணக்கிடுங்கள்.

வழிகாட்டல் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு குறையோடு. இலை அடர்ந்த காட்டில் ஜிபிஎஸ் 10 மீட்டருக்கு மேலும் தள்ளிக் காட்டும். பாதை குறுங்கோணத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில் தவறான கிளையில் போனால் எச்சரிக்கை தாமதமாகத்தான் ஒலிக்கும். அப்படிப்பட்ட பிரிவைக் கடந்த 50 மீட்டருக்குள் ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டால் வீணாக இறங்கித் திரும்ப ஏறவேண்டியதில்லை. சிக்னல் இருக்காது என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கிவைக்க வேண்டும். வரைபடத்தை இறக்குவதும் சைக்கிளில் மாட்டும் ஜிபிஎஸ் கருவிக்கு வழியை நேரடியாக அனுப்புவதும் எந்தச் சந்தாவில் வருகின்றன என்று புதிதாகச் சேருபவர்கள் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஜிபிஎக்ஸ் (வழியைச் சேமிக்கும் பொதுவான கோப்பு வகை) கோப்பாக ஏற்றினால் பல கருவிகளில் கோடு மட்டும்தான் வரும். திருப்பக் குறிப்புகள் வராமல் போகலாம்.

தடுப்புக் கம்பிகள், மரம் வெட்டும் வேலை, தனியார் நிலம் ஆகியவற்றில் கோமூட்டின் தகவலை நம்பக்கூடாது. அந்தந்த வனத்துறையின் அறிவிப்பைத்தான் பார்க்கவேண்டும்.

எந்தத் தரைக்கு எவ்வளவு முன்னுரிமை என்பதைத் தானே தீர்மானிக்க விரும்புபவர்களுக்கு பிரவுட்டர் என்ற இலவச, திறந்தமூலக் கருவி இதைவிட ஏற்றது. முகப்பு வறண்டது, பழக நேரம் எடுக்கும். ஆனால் போகவே கூடாத பகுதியை வட்டம் போட்டு விலக்கலாம், விதிகளையும் நாமே திருத்தலாம். வாரக்கடைசியில் புது மலைக்குப் போக அரைமணி நேரத்தில் ஒரு வழி வேண்டும் என்பவர்களுக்கு கோமூட் போதும். அந்த அரைமணியில் இருபது நிமிடம் 'தெரியவில்லை' துண்டுகளுக்குச் செலவானால் சரி.