பேட்டரி, ரெகுலேட்டர், காயில்: மூன்றுக்கும் காசு கொடுத்தேன், கோளாறு கப்ளரில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. தெரியாததால்தான் இந்தப் பதிவே எழுத வேண்டியதாயிற்று.

என்னுடையது இருபது வயதைத் தாண்டிய பைக். செல்ஃப் உண்டு, கிக்கரும் உண்டு. ஒருநாள் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாரன் தொண்டை கட்டியதுபோல் முனகியது. கிக்கரை உதைத்துக் கிளப்பி, வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோனேன். மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்த்தார். 11.9 வோல்ட். "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்." மாற்றினோம். பட்டனைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. எட்டாம் நாள் மறுபடியும் அதே 'டக்'.

அவர் அளந்தது வண்டி நின்றிருந்தபோது. நிற்கும் வண்டியில் 11.9 என்றால் பேட்டரி கிட்டத்தட்டக் காலி என்று மட்டும்தான் அர்த்தம். குடத்தில் தண்ணீர் இல்லையென்றால் குடம் ஓட்டையா, குழாயில் தண்ணீர் வரவில்லையா என்று பார்க்க வேண்டாமா? இன்ஜினை ஓடவிட்டு ஒருமுறை அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை. அவரும் செய்யவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இன்ஜினை ஓடவிட்டு, ரேஸ் கொடுத்துக்கொண்டே பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றினார். "ஆஃப் ஆகலேன்னா கரன்ட் வருதுன்னு அர்த்தம் சார்." ஹெட்லைட் ஒரு கணம் பளீரென்று வெள்ளையாய் எரிந்தது, அதோடு பல்பு போய்விட்டது. ஓடும் இன்ஜினில் பேட்டரியைப் பிரித்தால் எகிறும் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. பல்பு, ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுக்குள் வைப்பது), சி.டி.ஐ. யூனிட் (ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைப்பது) என்று எது வேண்டுமானாலும் போகலாம். உங்கள் வண்டியில் யாராவது இப்படிச் செய்யப் போனால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவரே போக்கிய பல்பை எனக்குக் காட்டி, "பாத்தீங்களா, ரெகுலேட்டர் கன்ட்ரோல் பண்ணல" என்று ரெகுலேட்டரையும் மாற்றினார். அப்போது எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

மூன்றாம் தடவை, ஸ்டேட்டர் காயில், அதாவது இன்ஜின் ஓடும்போது கரன்ட் உண்டாக்கும் கம்பிச் சுருள். "வீக்கா இருக்கு, ரீவைண்டிங் பண்ணணும், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க." விட்டேன். திரும்பி வந்தபோது வண்டி புதுசுபோல் சீறியது.

ஒவ்வொரு தடவையும் ஏன் அப்படிச் சீறியது என்பது பிறகுதான் உறைத்தது. வண்டி அங்கே நிற்கும் இரவெல்லாம் பேட்டரி சார்ஜரில் இருக்கும். நிறைந்த பேட்டரி, வண்டியில் சார்ஜ் அரைகுறையாக ஏறினாலும் ஒரு வாரம் இழுத்துவிடும். நான் காசு கொடுத்ததெல்லாம் ஒரு ராத்திரி சார்ஜுக்குத்தான்.

நான்காம் தடவை வண்டி இருட்டில் நின்றது. ஹெட்லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, அப்புறம் ஒன்றுமில்லை. தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கினேன்.

பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தேன்: 12.6. நல்லது. இன்ஜினைக் கிளப்பி, சுமார் 5000 ஆர்.பி.எம். வரை ரேஸ் கொடுத்தும் 13-ஐத் தாண்டவில்லை. ஹெட்லைட்டைப் போட்டதும் 12.4-க்கு இறங்கியது. 12 வோல்ட் வண்டியில் அந்த வேகத்தில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் அடக்கவில்லை, பேட்டரி வெந்துபோகும். என்னுடையது அதற்கு நேரெதிர், போதிய கரன்ட் வந்து சேரவில்லை.

அடுத்தது ஸ்டேட்டர். அதிலிருந்து ஒரே நிறத்தில் மூன்று வயர்கள் ரெகுலேட்டருக்குப் போகும். என் வண்டியில் மஞ்சள். இன்ஜினை நிறுத்திவிட்டு நடுவிலிருக்கும் கப்ளரை (இருபக்க வயர்களும் ஒன்றில் ஒன்று செருகிச் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றி, இரண்டிரண்டு வயராக ஓம் அளந்தேன். மூன்று ஜோடியிலும் 0.5. (மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் என் மீட்டர் 0.2 காட்டும், அதைக் கழித்த கணக்கு இது. கழிக்காவிட்டால் நல்ல காயிலையும் சந்தேகப்படுவீர்கள்.) மூன்று வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே தொடர்பே இல்லை, அதாவது எர்த் ஆகவில்லை. பிறகு கப்ளர் கழன்றபடியே இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. வோல்ட்டை அளந்தேன்: 60, 61, 60. இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் விஷயம். அப்போது வெறும் கை அந்த முனைகளில் படக்கூடாது, ஷாக் அடிக்கும்.

காயில் நன்றாகத்தான் இருந்தது. சரி, ரீவைண்டிங் ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே குனிந்து இடதுபக்கக் கவரைப் பார்த்தேன். என் வண்டியில் காயில் அதற்குள் இருக்கிறது. அதைத் திறக்காமல் காயிலைத் தொடவே முடியாது. திறந்தால் கேஸ்கெட் கிழியும், ஆயில் வழியும். அந்தக் கவரின் ஆலன் போல்ட்டுகளின் குழிக்குள் பழைய சேறு கல்லாய் இறுகிக் கிடந்தது. ஒரு போல்ட்டிலும் கீ நுழைந்த அடையாளம் இல்லை.

அப்புறம் கப்ளரைத் திருப்பிப் பார்த்தேன். ரெகுலேட்டர் பக்கத்துப் பாதி புதுசு, அதற்குள்ளாகவே ஒரு மூலை பழுப்பேறியிருந்தது. ஸ்டேட்டர் பக்கத்துப் பாதியில் ஒரு பின் கரிக்கட்டை, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. பின் லேசாகத் தளர்ந்தால் அங்கே சூடு வரும், சூட்டில் உலோகம் கறுக்கும், கறுத்தால் இன்னும் சூடு. பழைய வண்டிகளில் இது அடிக்கடி நடப்பதுதான். மூன்றில் ஒரு வழி அடைபட்டால் பேட்டரிக்கு என்ன போய்ச் சேரும்?

என்னை உறுத்துவது இதுதான். ரெகுலேட்டரை உண்மையாகவே மாற்றியிருக்கிறார். மாற்ற இந்தக் கப்ளரைக் கழற்றியே ஆக வேண்டும். கருகிய பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு, புதிய பாதியை அதிலேயே செருகி அனுப்பியிருக்கிறார். கண்ணில் படாமல் போக வாய்ப்பே இல்லை.

கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு மூன்று வயர்களையும் நேராகச் சால்டர் செய்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். மூன்றுமே ஏ.சி. என்பதால் எதை எதோடு சேர்த்தாலும் சரிதான். ரெகுலேட்டரின் எர்த்தையும் ஒரு கை பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி மைனஸுக்கும் ரெகுலேட்டர் பாடிக்கும் இடையே 0.1 வோல்ட்தான், பரவாயில்லை. இப்போது 5000-ல் 14.2. ஹெட்லைட் போட்டால் 13.9.

கப்ளரை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "பழைய வண்டின்னா இப்படித்தான் சார், ஒண்ணு மாத்துனா இன்னொண்ணு போகும்" என்றார். போல்ட்டுகளின் போட்டோவைக் காட்டியதும் பேச்சு நின்றது. காயில் வேலைக்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார், மற்றதற்கு மூச்சுவிடவில்லை. பேட்டரியும் திரும்பத் திரும்பக் காலியானதில் அடிவாங்கிவிட்டது. புதுசாக வாங்கியது, இப்போது ஒரு ராத்திரி நின்றாலே 12.4-க்கு வந்துவிடுகிறது. இக்னிஷனை அணைத்தபின் ஏதாவது கரன்ட் கசிகிறதா என்றும் பார்த்துவிட்டேன், இல்லை.

கழற்றிய பழைய ரெகுலேட்டரைக் கேட்டேன். தூக்கிப் போட்டாயிற்று என்றார். கோளாறு கப்ளரில் இருந்தபடியால், அவர் பேட்டரியைப் பிரித்ததில் போயிருந்தாலொழிய, அது நல்லதாகவே இருந்திருக்கலாம். இப்போது யார் வண்டியில் 'புதுசு' என்று ஓடிக்கொண்டிருக்கிறதோ.