தண்டனையா, தண்டமா?

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊருணிக்கரைக்கு ஒரு பலகை எழுத வேண்டியிருந்தது. 'குப்பை கொட்டினால் தண்டம்' என்றார்கள் பெரியவர்கள். 'தண்டனை' என்று போடுங்கள் என்றார்கள் பிள்ளைகள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கோலைக் குறிக்கும் வடசொல்.

பொருள்
தண்டனை: குற்றத்துக்குக் கிடைப்பது. சிறை, அடி, பணம் எல்லாம் இதில் அடங்கும்.
தண்டம்: முன்பு இதுவும் அதே பொருள்தான். 567ஆம் குறளின் 'கையிகந்த தண்டம்' அளவு மீறிய தண்டனையே. இன்று பேச்சில் பணத்தோடு சுருங்கிவிட்டது. அப்புறம், வீண் என்றும் ஆகிவிட்டது: 'ஐநூறு ரூபாய் தண்டம்', 'தண்டச்சோறு'. வேலை தேடி அலையும் பிள்ளையை அந்தச் சொல்லால் அழைப்பதை என்னால் பொறுக்க முடியாது.

கூட வரும் வினை
தண்டனை: கொடுப்பார்கள், விதிப்பார்கள்.
தண்டம்: கட்டுவோம், அழுவோம். ஒன்று கொடுப்பவர் பக்கத்துச் சொல், மற்றது இழப்பவர் பக்கத்துச் சொல். எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு இது.

சட்டம்
தண்டனைக்குத்தான் இடம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாலும் தீர்ப்புச் செய்திகளில் அந்தச் சொல்லே நிற்கிறது. பணத்துக்கு அங்கே அபராதம் என்பார்கள்.

சரி, எதை எழுதுவது? நீதிமன்றச் செய்தி, பள்ளிக் கட்டுரை என்றால் தண்டனை. கைப்பணம் வீணாய்ப் போனதைச் சொல்ல தண்டம். பலகைக்கும் தண்டமே என்றேன், பக்கத்தில் தொகையையும் எழுதச் சொல்லி.