கூடுதல் நிதி எதற்கு? மக்கள் கேட்கும் சேவைகளும், கேட்க ஆளில்லாத சேவைகளும்

2001-ல் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள், பட்ஜெட்டில் 15 சதவீதம் மருத்துவத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி எடுத்தன. இரண்டு வருடம் கழித்து மபுட்டோவில் கூடியபோது, விவசாயத்துக்கு 10 சதவீதம் என்றன. 2015-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த கல்வி மாநாட்டில், அரசுச் செலவில் 15 முதல் 20 சதவீதம் கல்விக்குப் போகவேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்த மூன்றைக் கூட்டினாலே பட்ஜெட்டில் பாதியை நெருங்கிவிடுகிறது. கடன் வட்டி, ஓய்வூதியம், காவல், சாலை, ராணுவம் எல்லாம் இன்னும் வெளியே நிற்கின்றன.

தனித்தனியாகக் கேட்டால் எல்லாக் கோரிக்கையும் நியாயமாகத்தான் படும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடுத்த காசு எதற்கு என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்படி எதிரெதிராக நிறுத்திப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். சர்வதேச சமூக ஆய்வுத் திட்டம் என்ற கூட்டமைப்பு 1985 முதல் அவ்வப்போது பல நாடுகளில் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது. சுற்றுச்சூழல், மருத்துவம், காவல், கல்வி, ராணுவம், முதியோர் ஓய்வூதியம், வேலையில்லாதோர் உதவித்தொகை, கலை பண்பாடு ஆகிய எட்டில் எதற்கு அரசு அதிகம் செலவிட வேண்டும், எதற்குக் குறைவாக? ‘மிக அதிகம்’ என்று சொன்னால் அதற்காக வரி கூடலாம் என்பதையும் கேள்வியிலேயே நினைவூட்டிவிடுகிறார்கள். அப்படி எச்சரித்த பிறகும் பெரும்பாலான நாடுகளில் மருத்துவமும் கல்வியும்தான் மேலே வருகின்றன. ஓய்வூதியம் அவற்றை ஒட்டி வருகிறது. கலை பண்பாடு பெரும்பாலும் கடைசி வரிசையில். ராணுவத்தின் இடம் மட்டும் பக்கத்தில் போர் நடக்கிறதா என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும்.

இந்த வரிசையோடு எனக்குச் சண்டை இல்லை. மக்கள் தங்களுக்கு எது வலிக்கிறது என்று சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் இரண்டு சேவைகள் இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியும், அதன் முன்னால் வரிசை நிற்கும். மற்றது ஒழுங்காக நடக்கிறவரை யார் கண்ணிலும் படாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது போல, கூடுதல் நிதி ஒவ்வொரு முறையும் முதலாவதற்கே போய்ச் சேருகிறது. என் வாதமெல்லாம் அந்த அழாத பிள்ளைக்காகத்தான்.

மருத்துவமனைப் படுக்கையா, குழாய்த் தண்ணீரைச் சோதிப்பவரா?

‘மருத்துவத்துக்கு அதிகம் செலவிடுங்கள்’ என்று சொல்பவர் மனதில் ஓடுவது டாக்டர், படுக்கை, ஸ்கேன், காத்திருக்கும் நேரம். அது நியாயமான கவலை. வலியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தவருக்குத் தடுப்பு மருத்துவத்தின் பெருமையைப் பேசிப் புண்ணியமில்லை.

ஆனாலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டன் ஊரில் 2000-ம் ஆண்டு நடந்ததை யாரும் மறக்கக் கூடாது. ஏறக்குறைய 5,000 பேர் வாழும் ஊர். அந்த ஆண்டு மே மாதம் பெய்த பலத்த மழையில் பண்ணை நிலத்திலிருந்த மாட்டுச் சாணத்தின் கிருமிகள் ஊரின் 5-ம் எண் கிணற்றுக்குள் இறங்கின. குளோரின் அளவை அன்றாடம் அளந்து எழுத வேண்டியவர்கள், அளக்காமலேயே பதிவேட்டில் ஏதோ ஒரு எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். தண்ணீரைச் சோதித்த தனியார் ஆய்வகத்துக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. அந்த முடிவை அவர்கள் குடிநீர் வாரியத்துக்கு மட்டும் அனுப்பினார்கள். சுகாதார அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் அப்போது இல்லை. வாரியமோ தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள்.

நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் நடத்திய விசாரணையில் இரண்டு விஷயங்கள் தெளிவாகின. குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் கிருமி ஊருக்குள் போகாமலே தடுத்திருக்கலாம். இரண்டாவது, மாகாண அரசு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிதியை வெட்டியதால், இந்தக் கோளாறுகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைந்துபோயிருந்தது. தண்ணீர் சோதனையை அரசு ஆய்வகங்கள் கைவிட்டது 1996-ல். அந்த வெட்டு நடந்தபோது எந்த வீட்டிலும் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

இந்த இரண்டில் எதற்கு என்று கேட்டால், அடுத்த காசு தண்ணீர் சோதனைக்கும் தடுப்பூசிக்கும் ஆரம்ப சுகாதாரத்துக்கும் போகட்டும் என்பேன். இருக்கிற மருத்துவமனைப் பணத்தை எடுத்துக் கொடு என்று சொல்லவில்லை. புதிதாகச் சேர்க்கும் தொகையில் முதல் பங்கு இங்கே வரவேண்டும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மருத்துவமனைக்கே பணம் கொடுத்தாலும், மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஒரு குறையால் அதன் பலன் கிடைக்காமல் போகலாம். இங்கிலாந்தில் சமீப ஆண்டுகளில், குணமாகி வீட்டுக்குப் போகத் தயாரான 10,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் படுக்கைகளில் கிடந்ததுண்டு. வீட்டிலோ காப்பகத்திலோ பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நீளும் வரிசைக்கு மருந்து, வயதானவரைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுக்கும் பணியாளரின் சம்பளத்தில் இருக்கிறது. கருத்துக்கணிப்புப் பட்டியலில் அந்தப் பணியாளருக்கென்று ஒரு வரி கூட இல்லை.

புதிய பாலமா, பழைய பாலத்தின் வடிகாலா?

திறப்பு விழா புதியதற்குத்தான் நடக்கும். அடைப்பு எடுத்த வடிகாலுக்கு ரிப்பன் வெட்ட யாரும் வரப்போவதில்லை.

2022 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃபெர்ன் ஹாலோ பாலம் இடிந்து விழுந்தது. உள்கட்டமைப்புச் செலவைப் பற்றிப் பேச அன்றைக்கே அதிபர் பைடன் அந்த ஊருக்கு வருவதாக இருந்தது. உயிர்ச்சேதம் இல்லை, சிலர் காயமடைந்தார்கள். பிறகு வந்த விசாரணை அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். அந்தப் பாலத்தின் எஃகு தனி ரகம். மேலே படியும் ஒரு மெல்லிய துருவே அதற்குக் கவசம். அந்தக் கவசம் நிலைக்க வேண்டுமானால் எஃகு அவ்வப்போது காய வேண்டும். வடிகால்கள் குப்பையால் அடைத்துக்கொண்டதால் பாலத்தின் கால்களில் ஈரமும் மண்ணும் தேங்கின. எஃகு அரித்து ஓட்டை விழுந்தது. ஆய்வாளர்கள் வருடா வருடம் வந்து பார்த்து, எழுதி, பரிந்துரைத்திருந்தார்கள். பரிந்துரைகள் கோப்பிலேயே தங்கிவிட்டன.

இதை இரு தரப்பும் சமமாகப் பேச வேண்டிய போட்டியாக நான் பார்க்கவில்லை. ஏற்கெனவே கட்டியதைக் காப்பாற்ற முடியாத நகரம் புதிதாகக் கட்டுவது கடனைப் பெருக்கும் வேலை. சாலையே இல்லாத மலைக்கிராமத்துக்கு முதல் சாலை போடுவது மட்டும் விதிவிலக்கு. அங்கே புதியதுதான் முதலில்.

வெள்ளம் வந்தபின் நிவாரணமா, வருமுன் ஏற்பாடா?

இங்கே கருத்துக்கணிப்பை விட வாக்குச்சீட்டு தெளிவாகப் பேசியிருக்கிறது. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளையும் பேரிடர்ச் செலவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து 2009-ல் எழுதினார்கள். நிவாரணம் கொடுத்த ஆளும் கட்சிக்கு வாக்கு கூடியிருந்தது. முன்னேற்பாட்டுக்குச் செலவிட்டதற்கு எந்தப் பலனும் கிடைக்கவில்லை. அதே ஆய்வின் கணக்குப்படி முன்னேற்பாட்டில் போட்ட ஒரு டாலர், பிற்காலச் சேதத்தில் சுமார் 15 டாலரை மிச்சப்படுத்தியது.

அரசியல்வாதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வராத வெள்ளத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்று நாம்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

கல்லூரியா, மழலையர் வகுப்பா?

கல்லூரிக் கட்டணத்துக்காக மாணவர்கள் தெருவில் இறங்குவார்கள், செய்தியாகும். நாலு வயதுக் குழந்தை ஊர்வலம் போகாது. 1960-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த பெர்ரி மழலையர் பள்ளித் திட்டத்தில் வறிய வீட்டுக் குழந்தைகள் 123 பேரில் 58 பேருக்கு நல்ல வகுப்பும், வாரா வாரம் ஆசிரியர் வீட்டுக்கே வந்து பேசுவதும் கிடைத்தன. 40 வயதுவரை தொடர்ந்து பார்த்தபோது அவர்கள் மற்றவர்களை விட அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகவே கைதானார்கள். பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மன் குழு போட்ட கணக்கில், செலவிட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் சமூகத்துக்குத் திரும்பி வந்தது. சின்ன எண்ணிக்கை, மிகக் கவனமாக நடத்திய திட்டம். அதனால் எந்த மழலையர் வகுப்பைத் திறந்தாலும் இதே பலன் வரும் என்று நினைக்கக் கூடாது. அப்படியும் என் ஓட்டு சின்னவர்களுக்கே. கல்லூரிக்குப் போக வேண்டிய ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகை வேண்டும். எல்லாருக்குமான கட்டணக் குறைப்பு அடுத்த வரிசையில் நிற்கலாம்.

போலீஸா, நீதிமன்றமா?

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காவலர் தெருவில் தெரிவார், அதனால் கேட்கிறோம். பிடித்துக் கொடுத்த வழக்கு என்ன ஆனது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடுமையான குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 2024-ல் 70,000-ஐத் தாண்டின. வருடக்கணக்கில் காத்திருந்து சலித்துப்போய்ப் புகாரைக் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். நீதிபதியும் தடய ஆய்வகமும் கூடாமல் காவலரை மட்டும் கூட்டினால் அந்த வரிசைதான் நீளும்.

ஓய்வூதியம்: கேட்பது ஒருவர், கட்டுவது வேறொருவர்

என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்தத் தலைப்புத்தான். சுவிட்சர்லாந்தில் இதை மக்களிடமே நேரடியாக வாக்குக்கு விட்டார்கள். 2024 மார்ச் 3 அன்று முதியோருக்கு வருடத்தில் 13-வது மாத ஓய்வூதியம் தரலாமா என்று கேட்டபோது சுமார் 58 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதே நாளில் ஓய்வு வயதை 66 ஆக உயர்த்தலாமா என்ற கேள்விக்கு ஏறக்குறைய 75 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பணம் எங்கிருந்து வரும் என்பது அந்த முதல் கேள்வியில் இல்லை.

அதற்காக அந்த மக்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 செப்டம்பரில் அதே மக்கள்தான் ஓய்வூதிய நிதிக்காக விற்பனை வரியைக் கூட்ட ஒப்புக்கொண்டார்கள். பெண்களின் ஓய்வு வயதை 65 ஆக்குவதும் நூலிழையில் நிறைவேறியது. 2020-ல் 600 கோடி ஃபிராங்குக்குப் போர்விமானம் வாங்கும் திட்டம் 50.1 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது. விலைச்சீட்டைக் கையில் கொடுத்துக் கேட்டால் மக்கள் எடைபோட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.

முதுமையில் யாரிடமும் கையேந்தாமல் வாழ்வது உரிமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கூடுதல் தொகையை எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏற்றினால் வசதியானவர் வீட்டுக்கும் அதே காசு போகிறது. ஓய்வூதியமே இல்லாமல் முறைசாரா வேலையில் காலம் கழித்தவருக்கும், தனியாக வாழும் விதவைக்கும் முதலில் கொடுப்போம். மீதியைக் குழந்தைகளோடு பங்கு போடுவோம். குழந்தைகளுக்கு வாக்கு இல்லை என்பதால் யாராவது அவர்கள் பங்கைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

யாருமே கேட்காத ஒன்று

வரித்துறைக்குக் கூடுதல் நிதி கொடுங்கள் என்று எந்தக் கணிப்பிலும் மக்கள் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்கா 2022-ல் தன் வரித்துறைக்குப் பத்தாண்டுகளில் 8,000 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியது. அதனால் வசூலில் இரண்டு மடங்குக்கு மேல் கூடுதலாகத் திரும்பி வரும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. அடுத்தடுத்த பேரங்களில் அந்த ஒதுக்கீட்டில் பெரிய பகுதியைத் திரும்பப் பிடுங்கிவிட்டார்கள். வரித்துறைக்காகக் குரல் கொடுத்தால் தொகுதியில் கைதட்டல் கிடைக்காது, அதனால் வெட்டுவதும் சுலபம். செலவை விட அதிகமாகச் சம்பாதித்துத் தரும் அலுவலகத்தைப் பட்டினி போட்டுவிட்டு, மருத்துவமனைக்குப் பணமில்லை என்று சொல்வதை ஏற்க முடியவில்லை.

ஆக, என் வரிசை இது: குடிநீர்க் கண்காணிப்பும் ஆரம்ப சுகாதாரமும், பராமரிப்பு, பேரிடர் முன்னேற்பாடு, முதியோரையும் நோயாளிகளையும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள், மழலையர் கல்வி, நீதிமன்றம். இவற்றுக்குப் பிறகே புதிய கட்டடங்கள். ஏற்காதவர்கள் இருப்பார்கள். குறிப்பாக, உறவினரை வைத்துக்கொண்டு படுக்கைக்காகத் தவம் கிடந்தவர்கள் என் முதல் இடத்தை ஏற்கமாட்டார்கள். அவர்கள் கோபத்துக்கு என்னிடம் முழுப் பதிலும் இல்லை.

அடுத்த முறை அரசோ ஆய்வு நிறுவனமோ மக்களிடம் கருத்துக் கேட்க வரும்போது, ‘மருத்துவமா, கல்வியா’ என்று துறையின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஒரு புதிய சிறப்பு மருத்துவமனையின் செலவையும், அதே பணத்தில் எத்தனை ஊர்களின் தண்ணீரை எத்தனை வருடம் சோதிக்கலாம் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துக் கேளுங்கள். புதிய பாலத்தின் விலைக்குக் கீழே, அதை 50 வருடம் பராமரிக்க ஆகும் தொகையையும் எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகும் மக்கள் புதிய பாலத்தையே கேட்டால் கட்டிக்கொடுங்கள், பராமரிப்புத் தொகையையும் அதே பட்ஜெட்டில் ஒதுக்கிவிட்டு.