'பழைய சாஃப்ட்வேர் விண்டோஸ் 11-இல் ஓடாது' என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

எங்கள் பெயின்ட் கடையில் பில் போடும் சாஃப்ட்வேர் விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய புரோகிராம் மொழியில் எழுதியது. சரக்கு, கடன் பாக்கி, பழைய பில் எல்லாம் ஒரே ஆக்சஸ் எம்டிபி ஃபைலில் (டேட்டாபேஸ் ஃபைல்). எழுதிக் கொடுத்த கம்பெனிதான் ஏஎம்சியும் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கிறது. விண்டோஸ் 7 கம்ப்யூட்டரின் மதர்போர்டு போனதும் விண்டோஸ் 11 போட்ட புதியதை வாங்கினோம்.

கம்பெனி ஆள் வந்து இன்ஸ்டால் செய்தார். திறந்தால் 'ரன்டைம் எரர் 339'. அதைக் காட்டி, "சார், விபி6 எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி ஓடாது, டேட்டாவும் வராது. எங்க புது சாஃப்ட்வேர் 45,000 ரூபாய்" என்றார். வியாபாரம் நிற்கக் கூடாதே என்று 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம்.

சொன்னது அத்தனையும் பொய். 2008-இல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது விபி6-இல் புரோகிராம் எழுதும் கருவிக்கு. எழுதி முடித்த புரோகிராம் ஓடத் தேவையான ரன்டைம் விண்டோஸ் 11-உடனேயே வருகிறது. அதில் ஓடாதவை 16-பிட் காலத்துப் புரோகிராம்கள், விபி6 32-பிட். எரர் 339 வந்தால், புரோகிராமுக்குத் துணையான ஏதோ ஒரு ஓசிஎக்ஸ் ஃபைல் இல்லை அல்லது விண்டோஸில் பதிவாகவில்லை. எங்களுக்கு விடுபட்டது பில்லில் சரக்கை வரிசையாகக் காட்டும் எம்எஸ்ஃப்ளெக்ஸ்கிரிட். "மாமா, இதுக்கா 45,000 கேட்டாங்க?" என்ற அக்கா மகள், பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கிலிருந்து அந்த ஃபைலை எடுத்து, விண்டோஸின் 32-பிட் ஃபைல்கள் இருக்கும் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட்டு, அதைப் பதிவு செய்யும் ரெக்எஸ்விஆர்32 கட்டளையை அட்மினாகக் கொடுத்தாள். பில் திரை வந்துவிட்டது.

அப்புறம்தான் பெரிய அதிர்ச்சி. கம்பெனி எடுத்து வைத்திருந்த பேக்கப்பைப் போட்டால், பல வருடத்துக்கு முந்தைய பில்லோடு நிற்கிறது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத விண்டோஸ் 7 அனுமதிக்காது. அதனால் இந்த மாதிரிப் பழைய புரோகிராம்கள் எழுதுவதை, யூசரின் ஆப்டேட்டாவுக்குள் மறைந்திருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். உண்மையான கணக்கு அங்கே வளர்ந்துகொண்டிருக்க, கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் பென் டிரைவில் ஏற்றியது புரோகிராம் ஃபைல்ஸில் கிடந்த செத்த ஃபைலை. பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்ததால் கடன் பாக்கி பிழைத்தது. உங்கள் பேக்கப்பை இன்றே வேறு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி பில்லின் தேதியைப் பாருங்கள்.

ஏஎம்சி பில்லையும் எடுத்துப் படியுங்கள். எங்கள் பில்லில் 'விண்டோஸ் 7 செக்யூரிட்டி அப்டேட்' என்று தனித் தொகை. விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 14. நிறுவனங்கள் காசு கட்டி வாங்கிய நீட்டிப்பும் 2023 ஜனவரியோடு சரி. போன வருட பில்லிலும் அந்த வரி இருக்கிறது!

விபி6-ஐயே கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. ஜிஎஸ்டியில் ஒரு மாற்றம் வந்தால் சோர்ஸ் கோடு (புரோகிராமின் மூல வரிகள்) இல்லாமல் திருத்த முடியாது, அது எங்களிடம் இல்லை. மாறத்தான் போகிறோம், ஆனால் வேறு ஆளிடம். நீங்கள் ஏஎம்சி புதுப்பிக்கும் முன்பே சோர்ஸ் கோடு, எம்டிபி பாஸ்வேர்டு, ஓசிஎக்ஸ் ஃபைல்கள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பணம் கைமாறிய பிறகு பேச்சு மாறிவிடும். எங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால், "புது சாஃப்ட்வேர் ரெடி, எப்ப வந்து போடட்டும்?" என்றுதான் இன்னும் பதில் வருகிறது.