பழைய கம்ப்யூட்டர்களோடு எங்கள் மாலைப் படிப்பகம்

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பகம் நடத்துகிறோம். பலருடைய வீட்டில் அம்மாவோ ஆச்சியோ பீடி சுற்றுகிறவர்கள். செல்போன் இருக்கிறது, கம்ப்யூட்டர் கிடையாது. அலுவலகங்கள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கித்தான் சில வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறோம். தாராளமாக நம்பி இறங்கலாம். ஆனால் இலவசமாக வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

முதல் செலவு எஸ்.எஸ்.டி., அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்புப் பாகம். தகவல் பாதுகாப்புக்காகப் பல இடங்களில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் தருவார்கள். அது சரியான காரியம், நமக்கும் நல்லது. 120 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) உள்ள பழைய டெஸ்க்டாப்பும் சுறுசுறுப்பாக ஓடுகிறது. எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு இருப்பது முக்கியம். எந்தப் பிள்ளை எதில் உட்கார்ந்தாலும் குழம்பாது.

சின்னவர்களுக்கு விளையாட்டாகப் படிக்க ஜிகாம்ப்ரி, படம் வரைய டக்ஸ் பெயின்ட் என்ற இரண்டு மென்பொருள்களும் போதும். இரண்டுமே இலவசம், இணையமும் தேவையில்லை.

எனக்கு அதிக நிறைவு தந்தது தமிழ்த் தட்டச்சு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைத்தான் பழக்குகிறோம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் 'கா'. பள்ளியில் படித்த உயிர்மெய்க் கணக்கு விரலுக்கு வந்துவிடுகிறது. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா'. புள்ளி தானாக விழும். "அக்கா, புள்ளி வைக்கவே இல்ல, அதுவா வந்துட்டு!" என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை கத்தியபோது அத்தனை பேரும் எழுந்து ஓடிவந்து பார்த்தார்கள். ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் அடிக்கும் முறையைச் சிறு வயதில் பழக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் பராமரிப்பு. தேதி பின்னுக்குப் போய் இணையதளங்கள் திறக்க மறுத்தால் உள்ளே முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும். ஆன் செய்ததும் பீப் சத்தம் மட்டும் வந்தால் கரண்டைத் துண்டித்துவிட்டு, ராமைக் கழற்றி அதன் தங்க நிற முனையை அழிரப்பரால் தேய்த்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்கிறார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கும் தைரியம் புது லேப்டாப் கொடுத்திருந்தால் வந்திருக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சிபியு, யுபிஎஸ் எதையும் தரையில் வைப்பதில்லை. எல்லாம் கடப்பா கல் மேல்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படும் நல்ல கம்ப்யூட்டர்கள் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் பக்கத்தில் உள்ள படிப்பகத்தைக் கேட்டுப்பாருங்கள். கொடுக்கும்போது பவர் கார்டு, மானிட்டர் கேபிள், லேப்டாப் என்றால் சார்ஜர், எல்லாவற்றையும் அதோடு சேர்த்தே கட்டிக் கொடுங்கள்.